தண்ணி முறை

இஷா தொழுது, சோறு தின்று,
கதிரையை வாசல் பக்கம் இழுத்துப் போட்டால்
ஒரு மணித்தியாலம் இங்கிலீசு.
இரவு டேட்டாக் கார்டு,
கீறல் விழுந்த கண்ணாடி,
அதில் எப்பவும் உடைஞ்சே தெரியுற 'கே' எழுத்து.

குழுவில் இருநூற்றிப் பதினாலு பேர்.
அட்மினுடைய படம் ஒரு கிளி.
ஆளுக்கொரு ஜோடி பிரித்துத் தந்ததும் அந்தக் கிளிதான்.
எனக்கு விழுந்தவன் சுபுன், ஊர் உகனை.
தினமும் ஒரு நிமிசம் குரலில் பேசணும்,
தாய்மொழி கலந்தால் நீக்கம்.
எங்களுக்கு அந்தச் சட்டம் வீண்.
அவனுடையது எனக்குத் தெரியாது,
என்னுடையது அவனுக்கு.
இருபது மைல். ஒரே வாய்க்கால்.
அவன் வயலைத் தாண்டின தண்ணிதான்
சம்மாந்துறையில் என் வயலுக்கு வருது,
வந்தால்.

மேலுக்கு மறிக்கிறானுகள் எண்டு
தேத்தண்ணிக் கடையில் சொல்லுவாங்க.
நானும் சொல்லியிருக்கேன்.
இப்ப அந்தக் கூட்டத்தில் ஒரு ஆளுக்குக் குரல் இருக்கு,
பீடி இருமல் இருக்கு.

ஓஎல்லில் எனக்கு இங்கிலீசு டபிள்யூ.
நடுவில் வரம்பு போட்ட
இரண்டு பள்ளம் அந்த எழுத்து.
இருபத்தொரு வருசம்
ஒரு பள்ளத்திலிருந்து மற்றதுக்குத் தாவினதுதான் மிச்சம்.

முதல் கிழமை டைப் பண்ணத் தெரியாமல்
மைக்கை அமத்திச் சொன்னேன்:
மை பெடி இஸ் டையிங்.
போனுக்குக் கேட்டது பார்ட்டி.
மை பார்ட்டி இஸ் டையிங் எண்டு எழுதி
அதுவே அனுப்பியும் போட்டுது.
மூணு நிமிசம் கழிச்சுச் சுபுன்:
விச் பார்ட்டி, பிரதர்?
விளங்கப்படுத்துற அளவுக்கு இங்கிலீசு இல்லை.
கருகின பயிரைப் படம் பிடிச்சுப் போட்டேன்.
அவனும் ஒண்டு போட்டான்.
அதே நிறம்.
மறிக்கிறவனுடைய வயல்
அந்த நிறத்தில் இருக்கக் கூடாதே எண்டு
போனைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்த்தேன்.

இன்னொரு நாள் பாடம்: இட் இஸ் ரெய்னிங்.
ரெய்னிங் சரி. இஸ் சரி.
இட் யார்?
நம்மட பாசையில் மழைதான் பெய்யுது.
இதில் மழைக்குப் பின்னால்
யாரோ ஒருத்தர் மறைஞ்சு நிக்கிறார்.
கிளியிடம் கேட்டேன்.
ஜஸ்ட் இட் எண்டது கிளி.
சுபுன் எழுதினான்: இட் இஸ் நோ ரெய்னிங் ஹியர்.
நுளம்பு வலைக்குள்ளிருந்து ஜெஸீமா,
"நோ இல்ல, நொட்."
படிக்கிறது நான்.
பிடிபடுறது அவளுக்கு.

சிறுபோகம். பயிர் குடலை.
பதினொரு நாளாய் மதகு காய்ஞ்சு கிடக்கு.
வட்டைவிதானை போன் எடுக்கிறதில்லை.
இரவு ஒண்டு நாப்பதுக்கு
சுபுனிடமிருந்து ஒரு குரல், ஏழு விநாடி.
முதல் நாலு விநாடி பேச்சில்லை,
தவளை,
அதுக்கும் அடியில்
யாரோ துணி இழுக்கிற மாதிரி ஒரு சத்தம்.
பிறகு இருமல்.
பிறகு: வோட்டர் இஸ் கமிங்.

மண்வெட்டியும் டோர்ச்சும்,
போனுக்கு ஒரு பொலித்தீன் பை.
மதகுக் கட்டில் குந்தியிருந்தேன்.
அந்த 'இங்' எவ்வளவு நீளமெண்டு
எந்தப் பாடத்திலும் இல்லை.
அந்த இரவு.
அடுத்த பகல் முழுக்க.
யானை வெடிச் சத்தம் கேட்ட இன்னொரு இரவு.
கமிங்குக்கும் கேமுக்கும் இடையில்
இருபது மைல், எத்தனையோ மதகு,
ஒவ்வொண்டிலும் என்னைப் போல ஒருத்தன்.

சுபஹுக்கு முந்தி
வாய்க்காலில் கிடந்த சருகு ஒண்டு
தானாக நகர்ந்துது.
மைக்கை அமத்தினேன்.
இறந்தகாலம்; தப்பவே கூடாது எண்டு
சொண்டைக் குவிச்சுச் சொன்னேன்,
வோட்டர் கேம்.
போன் எழுதினது: வோல்ட்டர் கேம்.

அழிக்க முந்தி போயிட்டுது.
இரண்டு நீலக் கோடு.
சுபுன் நித்திரையில்லாமல் இருந்திருக்கான்:
வெல்கம், வோல்ட்டர்.

கணுக்காலில் குளிர்.
வயலுக்குள் வாய் வெட்டிவிட்டு நிமிர்ந்தேன்.
என்னைத் தாண்டி
அடுத்த மதகைப் பார்த்து
வோல்ட்டர் போய்க்கொண்டிருந்தார்.